குன்னூரில் வீட்டு பிரட்டில் மால்ட் ஃப்ளேக்ஸ் போட்டால் உள்ளே பிசுபிசுக்கிறது, ஏன்?

மால்ட் ஃப்ளேக்ஸ் என்பது கோதுமையையோ பார்லியையோ முளைகட்டி, உலர்த்தி, அவல் மாதிரித் தட்டியது. முளைக்கும்போது தானியத்தில் அமிலேஸ் என்ற நொதி உருவாகி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். நன்றாக வறுத்த ஃப்ளேக்ஸில் அது செயலிழந்திருக்கும். மிஞ்சுவது மணமும் நிறமும்தான். லேசாகக் காயவைத்ததில் நொதி அப்படியே இருக்கும். அதை அள்ளிப் போட்டால் ஓவனுக்குள்ளேயே மாவுச்சத்து கரைந்து பிசினாகிவிடும். வீட்டில் முளைகட்டிச் செய்ததென்றால் எனக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான். வாணலியில் பொன்னிறமாக வறுத்துவிடுங்கள். அரை கிலோ மாவுக்கு 50 முதல் 75 கிராம் போதும்.

ஃப்ளேக்ஸை அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, ஆறியபின் சேருங்கள். ஊறாமல் போட்டால் மாவிலுள்ள தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

அப்புறம் மலைக் கணக்கு. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிரட்டின் உள்வெப்பம் 98 டிகிரி வரவேண்டும் என்று சமவெளிக் குறிப்பு சொன்னால் காத்திருக்காதீர்கள், வராது. 92, 93 வந்தபின் இன்னும் சில நிமிடம் விடுங்கள். மேல்பக்கம் சீக்கிரம் சிவந்தால் (மால்ட்டின் சர்க்கரை அப்படித்தான் செய்யும்) ஃபாயில் போட்டு மூடலாம்.

காற்றழுத்தம் குறைவு என்பதால் மாவு வேகமாக உப்பும், மழைக்காலக் குளிரோ ஈஸ்டை மந்தமாக்கும். கடிகாரத்தை நம்பாமல் மாவு இரட்டிப்பானதா என்று மட்டும் பாருங்கள். சுட்டதும் சூட்டோடு வெட்டினாலும் உள்ளே பிசுபிசுக்கும், முழுதாக ஆறட்டும்.