காற்றடைக்கும் படகு: பசைப் பட்டறைக்காரனிடம் கேளுங்கள்

பல வருடம் ரப்பர் படகுகளுக்குக் குழாய் ஒட்டும் வேலை பார்த்தவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: வெள்ள மீட்புக்கு வரும் படகு, லாரி டியூப் மாதிரி வெறும் ரப்பர்தானா?

இல்லை. டியூப் தனியாக இருந்தால் காற்று ஏற ஏற உப்பிக்கொண்டே போகும்; டயர்தான் அதை அடக்குகிறது. படகில் அந்த டயர் வேலையைச் செய்வது துணி. நடுவில் பாலியஸ்டர் நெசவு, இரு பக்கமும் பிவிசி பூச்சு. விலை கூடிய படகில் துணிக்கு வெளியே ஹைப்பலான், உள்ளே நியோப்ரீன்; இரண்டும் செயற்கை ரப்பர் வகைகள்.

கேள்வி: சார், இரண்டில் எதை வாங்கலாம்?

வருடம் முழுக்க வெயிலில் கிடக்கும் என்றால் ஹைப்பலான். எப்போதாவது ஓட்டிவிட்டு மடித்து வைக்கப் பிவிசி போதும். சொல்லப்போனால், டூபான்ட் நிறுவனம் ஹைப்பலான் தயாரிப்பை 2010இலேயே நிறுத்திவிட்டது. அதே வகை ரப்பரை இப்போது மற்றவர்கள் செய்கிறார்கள். பெயர் மட்டும் ஜெராக்ஸ் மாதிரி ஒட்டிக்கொண்டது.

கேள்வி: தைப்பீர்களா, ஒட்டுவீர்களா?

தைத்தால் ஊசி போன ஓட்டையெல்லாம் கசியும். பிவிசி சூட்டில் இளகும். அதனால் இரண்டு மடிப்புக்கு நடுவே சூடான காற்றைச் செலுத்தி, உருளையால் அழுத்தினால் ஒன்றாகிவிடும். ஹைப்பலான் படகுத் துணி வல்கனைஸ் செய்தது, அதாவது ரப்பரைப் பதப்படுத்தி இறுக வைத்தது; உருகாது. அதற்குப் பசைதான் வழி.

ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, கரைப்பானால் துடைத்து, இரண்டு பாகமாக வரும் பசையைக் கலந்து மெல்லிசாகப் பூச வேண்டும். காய்ந்ததும் மறுபடி பூச்சு. அப்புறம் சேர்த்து உருளையால் நன்றாகத் தேய்க்க வேண்டும். இணைப்பின் மேல் பட்டையும் ஒட்டுவோம்.

இதில் எங்கள் எதிரி ஈரக்காற்று. பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத பனிபோல நீர் படியும். ஒரு மழை நாளில் அவசரப்பட்டு ஒட்டிவிட்டேன். பார்க்க அருமையாக இருந்தது. மூன்றே வாரத்தில் ஸ்டிக்கர் மாதிரி உரிந்து வந்தது! அதற்குப் பிறகு, ஈரப்பதமானி 70 சதவீதத்தைத் தாண்டினால் பசை டப்பாவைத் திறக்கவே மாட்டேன்.

கேள்வி: ஓரிடத்தில் ஆணி குத்தினால் மூழ்கிவிடுமா அண்ணே?

மூழ்காது. குழாய்க்குள்ளே தடுப்புச் சுவர்கள் உண்டு. ஓர் அறை போனாலும் மற்றவை மிதக்கவைக்கும். காற்றடிக்கும்போது ஓர் அறையை மட்டும் முழுக்க நிரப்பிவிடாதீர்கள். தடுப்புத் துணி ஒரு பக்கமாக இழுபடும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

கேள்வி: காலையில் சரியாக அடித்தேன், மதியம் கல்லாகிவிட்டதே?

வெயில்தான். காலை 25 டிகிரியில் 0.25 பார் (பார் என்பது அழுத்த அளவு) அடித்திருந்தால், உள்காற்று 55 டிகிரிக்குச் சூடாகும்போது அழுத்தம் 0.38 பார் அளவுக்குப் போகும். கரையேற்றியதும் கொஞ்சம் காற்றைத் திறந்துவிடுங்கள்.

கேள்வி: சில படகுகளில் காற்றடித்த தரை பலகை மாதிரி இருக்கிறதே, எப்படி?

மேல், கீழ்த் துணிகளை ஆயிரக்கணக்கான நூல்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. அதனால் உப்பாமல் தட்டையாகவே நிற்கும். குழாயைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அழுத்தம் தாங்கும்.

கேள்வி: கசிவை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

காற்றடித்து ஒரு நாள் விட்டு வைப்போம். இறங்கினால், சைக்கிள் கடைக்காரரின் வித்தையேதான்: சோப்புத் தண்ணீர். முதலில் வால்வைச் சுற்றித் தடவுங்கள்.