எஃப்-1 மாணவர் விசாவில் அமெரிக்காவில் இருக்கும் மகள் விளம்பரப் பணம் வாங்கலாமா?

சார், இப்போதைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்னு மகளிடம் சொல்லுங்க. கல்லூரி அணியில கூட டென்னிஸ் ஆடுற அமெரிக்கப் பொண்ணுங்க வாங்குறாங்களே, விளம்பரத்துக்கு ஷூ கடைக்காரர் குடுக்கிற 500 டாலரை இவ மட்டும் ஏன் விடணும்னு கேட்டிருக்கீங்க. கேள்வி நியாயம்தான். 2021 ஜூலையிலிருந்து, கல்லூரி விளையாட்டை நடத்துற அமைப்பான என்சிஏஏ, வீரர்கள் விளம்பரப் பணம் வாங்குறதைத் தடுக்கிறதில்லை. 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே நேரடியா பணம் தரலாம், ஒரு கல்லூரிக்கு முதல் வருஷ உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். (அதுல பெரும்பங்கு அமெரிக்கன் ஃபுட்பால், பாஸ்கெட்பால் பசங்களுக்குத்தான் போகும், டென்னிஸுக்கு மிஞ்சுறது சில்லறை.)

சிக்கல் விசாவுல. ஷூவைக் கையில பிடிச்சு ஒரு ரீல் போட்டாலே அனுமதியில்லாத வேலைன்னு ஆகலாம், மாணவர் விசா தகுதியே போயிடும். கென்டக்கி பல்கலைக்கழகத்துல பாஸ்கெட்பால் ஆடின காங்கோ நாட்டு மாணவர் ஆஸ்கர் ஷீப்வே, 2022ல அணியோட பஹாமாஸ் போனப்போ அங்கேயே விளம்பர வேலையை முடிச்சார். அமெரிக்க மண்ணுல செய்யலைங்கறதுதான் சூட்சுமம். உங்க பொண்ணு லீவுக்கு ஊருக்கு வர்றப்போ படம் எடுக்கலாமான்னு கேட்டுப் பாருங்க. ஆனா கோச்கிட்ட கேட்காதீங்க, அவருக்கு விசா தெரியாது. முதல்ல கல்லூரி டிஎஸ்ஓ (வெளிநாட்டு மாணவர் விசா விஷயங்களைப் பார்க்கிற அதிகாரி), அப்புறம் குடிவரவு வக்கீல். பதிலை மின்னஞ்சல்லயே வாங்கி வைங்க.