கேள்வி பதில்: மழை வாரத்தில் ஒரு நாள் கூலி, கணக்கில் மட்டும் முழு வேலை!

கேள்வி: என் வீட்டுக்காரர் டைல்ஸ் பட்டறையில் நாள் கூலிக்குப் போகிறார். மழை பிடித்துக்கொண்டால் கல் காயாது. போன வாரம் ஒரே ஒரு நாள்தான் வேலை. கணக்கெடுக்க வந்த தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அண்ணன் வேலையில்தான் இருக்கிறார்" என்று பதிந்துகொண்டு போய்விட்டார். இது என்ன கணக்கு? இதை வைத்தா அரசாங்கம் திட்டம் போடுகிறது?
(வாசகி, ஆத்தங்குடி)

பதில்: அந்தத் தம்பி மேல் கோபப்படாதீர்கள், அவர் கையில் கொடுத்த விதி அப்படி. 2017 ஏப்ரலில் இருந்து நடக்கும் தொழிலாளர் கணக்கெடுப்பில் (பி.எல்.எஃப்.எஸ். என்பார்கள்) வாரக் கணக்கு என்று ஒன்று உண்டு. கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள், ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே போதும், அவர் வேலையில் இருப்பவர். டெல்லியில் யாரோ உட்கார்ந்து செய்த தில்லுமுல்லு என்று நினைக்க வேண்டாம். 1982-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மாநாட்டில் வகுத்த அளவுகோல் இது. நாட்டின் உற்பத்திக் கணக்கில் யாருடைய சின்ன உழைப்பும் விடுபடக் கூடாது என்பதற்காக வைத்தது.

உங்கள் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். நகரத்தார் கோயில்களில் கல்யாணம் ஆனால்தான் ஒருவர் 'புள்ளி', அதாவது கோயில் கணக்கில் சேரும் ஒரு தலை. கோயில் வரி வசூலிக்க அந்தக் கணக்கு கச்சிதம். அதையே வைத்துக்கொண்டு பந்திக்கு எத்தனை இலை போடலாம் என்று கேட்டால் பாதிப் பேர் பட்டினிதான்! ஒரு மணி நேர விதியும் அப்படித்தான். வேலையின்மை இத்தனை சதவீதம் என்று தலைப்புச் செய்தியில் வரும் எண்ணை மட்டும் பார்த்து, ஆத்தங்குடியில் எல்லாருக்கும் பிழைப்பு இருக்கிறது என்று முடிவு கட்டினால் அது படிப்பவரின் தப்பு. ஏனென்றால் அதே படிவத்தில் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார், எவ்வளவு கூலி வந்தது என்பதும் இருக்கிறது. திட்டம் போடுபவர் பார்க்க வேண்டிய கட்டம் அதுதான், ஆனால் அது பேப்பரில் பெரிய எழுத்தில் வருவதில்லை.

நீங்கள் உங்களைப் பற்றிக் கேட்கவே இல்லை, கவனித்தீர்களா? வீட்டுத் தொழிலில் கூலி இல்லாமல் கூடமாட வேலை செய்தால் அந்தப் பெண் 'வேலையில்' இருப்பவர். சமையல், தண்ணீர், பிள்ளை என்று நாள் முழுக்க நிற்பவருக்குப் படிவத்தில் 92 என்று ஒரு குறியீட்டு எண், அது வேலையில் சேராது. (வாடகை, பென்ஷன், வெளியூர்ப் பணத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு 94. செட்டிநாட்டில் அந்த எண்ணுக்கு ஆள் பஞ்சமிருக்காது.)

கேள்வி: 12 வருஷமாக வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவைப் புதுப்பிக்கிறேன், ஒரு கடிதம்கூட வரவில்லை. அங்கே இருக்கும் எண்ணிக்கைதான் வேலை இல்லாதவர் எண்ணிக்கையா?
(வாசகர், தேவகோட்டை)

பதில்: இல்லவே இல்லை. அது அரசு வேலைக்கு நிற்கும் வரிசை, அவ்வளவுதான். தனியாரில் சம்பளம் வாங்கிக்கொண்டே புதுப்பிப்பவர் அதில் உண்டு, சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிட்டவர் பெயரும் கெடு முடியும் வரை இருக்கும். பதியாமலே வேலை தேடுபவர் அதில் இல்லை. 1959-இல் வந்த சட்டம் 25 பேரும் அதற்கு மேலும் வைத்திருக்கும் தனியார் நிறுவனங்கள் காலியிடத்தைத் தெரிவிக்க வேண்டும் என்றது, அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பி.எஃப். கணக்கை வைத்து 'இத்தனை பேர் புதிதாகச் சேர்ந்தார்கள்' என்று மாதா மாதம் சொல்லும் எண்ணையும் அப்படியே விழுங்காதீர்கள். ஏற்கெனவே வேலையில் இருந்தவருக்கு முதலாளி இப்போதுதான் பி.எஃப். பிடிக்கத் தொடங்கினாலும் அவர் அதில் புது ஆள்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் அமைப்புசாராத் தொழிலாளர் தானே பதிகிறார், தொழிலையும் சொல்கிறார். கொத்தனார் எத்தனை பேர், தையல்காரர் எத்தனை பேர் என்று பார்த்துப் பயிற்சி வகுப்பு திறக்க வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்து அதுதான் கைக்கு அருகில் இருக்கும் ஏடு. பதிந்தவர் மட்டும்தான் அதில் இருப்பார் என்பதை மறக்காமல் படித்தால் சரி.

கேள்வி: கணக்கெடுப்பில் உண்மையைச் சொன்னால் ரேஷன் கார்டுக்கோ நூறு நாள் வேலைக்கோ ஆபத்து வருமா?
(வாசகி, கானாடுகாத்தான்)

பதில்: வராது. 2008-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டப்படி நீங்கள் சொன்னது புள்ளிவிவரத்துக்கு மட்டும்தான், ஆள் அடையாளத்தோடு வெளியே விட முடியாது. பயந்துகொண்டு "ஏதோ ஓடுகிறது தம்பி" என்று மழுப்பாதீர்கள். இன்னொன்று, 2025 ஜனவரியில் இருந்து ஒரே வீட்டுக்குத் தொடர்ந்து நான்கு மாதம் வருகிறார்கள், கிராமத்திலும்தான். ஆத்தங்குடிக்காரரே, நான்கு முறை முடியவில்லை என்றால் அந்தத் தம்பி அடுத்த மாதமும் வருவார். எந்தெந்த நாள், எத்தனை மணி நேரம், கையில் எவ்வளவு என்று ஒரு காலண்டர் தாளில் குறித்து வைத்திருந்து சொல்லுங்கள்.