‘மேக்ரோஸ்கோப்பிக்’ என்றால் பெரிய கட்டியா?

கேள்வி: அம்மாவுக்குக் கட்டி எடுத்தார்கள். ஆய்வக அறிக்கையில் ‘மேக்ரோஸ்கோப்பிக்’ என்று இருக்கிறது. கட்டி ரொம்பப் பெரியது என்று அர்த்தமா? பயமாக இருக்கிறது. — வாசகி, பட்டர்வொர்த்

பதில்: இல்லைம்மா, பயப்படாதீர்கள். பினாங்கில் ஒரு நோய்க்குறியியல் ஆய்வகத்தில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அந்தச் சொல்லுக்கு ‘வெறும் கண்ணால் பார்த்தது’ என்றுதான் பொருள். திசு வந்ததும் அளவுகோலை வைத்து நீளம், அகலம், நிறம், எடை எல்லாம் குறித்துக்கொள்வோம். அந்தப் பகுதிதான் மேக்ரோஸ்கோப்பிக். அப்புறம் மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து எழுதுவது மைக்ரோஸ்கோப்பிக்.

‘மக்ரோஸ்’ கிரேக்கச் சொல். நீளம், பெரியது என்று பொருள். குழப்பம் அங்கேதான் வருகிறது. ஆனால் எறும்பும் மேக்ரோஸ்கோப்பிக்தான், பினாங்கு மலையும் மேக்ரோஸ்கோப்பிக்தான். ரொட்டி பெங்காலியைச் சில நாள் மறந்துவிட்டால் பச்சைப் பூஞ்சைத் திட்டு தெரியுமே, அது கண்ணுக்கு எட்டுகிறது. அதிலுள்ள வித்துகளைத் தனித்தனியாகப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். சுமார் 0.1 மில்லிமீட்டர்தான் நம் கண்ணின் எல்லை.

தமிழில் ‘பேரளவு’ என்கிறார்கள். இயற்பியலில் வெப்பநிலை, அழுத்தம் பற்றிப் பேசும்போது அது பொருந்தும். மருத்துவ அறிக்கைக்கு ‘வெறுங்கண் நோக்கு’ என்பதே எனக்குப் பிடிக்கும்.

கட்டி எப்படிப்பட்டது என்பது அறிக்கையின் முடிவுப் பகுதியில் இருக்கும். அதை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.