இணையத்தில் தமிழ் எழுதுபவர்கள் அதிகம் செய்யும் இலக்கணப் பிழைகள் எவை?

பலரும் ஒற்றுப் பிழையைத்தான் முதலில் சொல்வார்கள். எனக்கு அதைவிட உறுத்துவது ஒருமை பன்மை மயக்கம். சேலத்தில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் கண் சும்மா இருப்பதில்லை. ஏற்காடு போய்வந்தவர்கள் எழுதும் பயணக் குறிப்புகளையே எடுத்துக்கொள்ளுங்கள். "மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளது" என்பார்கள். வளைவுகள் என்றால் "உள்ளன" என்றுதான் முடிய வேண்டும். பேச்சில் ஒன்றுக்கும் பலவற்றுக்கும் "இருக்கு" என்பதே போதும். அந்தப் பழக்கம் எழுத்துக்கும் வந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறாக, "ஒவ்வொரு வளைவுகளிலும் நின்று படம் எடுத்தோம்" என்றும் எழுதுகிறார்கள். "ஒவ்வொரு" வந்தால் அடுத்த சொல் ஒருமைதான்: ஒவ்வொரு வளைவிலும். (கொண்டை ஊசி வளைவில் நின்று படம் எடுப்பது இலக்கணப் பிழையைவிடப் பெரிய பிழை.)

ஒற்றைப் பொறுத்தவரை, விடுபடுவதை நான் ஓரளவு மன்னிப்பேன். செவ்வாய்ப்பேட்டை என்று ஊர்ப்பெயரில் "ப்" போடுபவர்களே அங்கு விற்கும் வெள்ளிக் கொலுசை "வெள்ளி கொலுசு" என்று எழுதுகிறார்கள். படிப்பவருக்குப் பொருள் புரிந்துவிடும். தேவையில்லாத இடத்தில் திணிப்பதுதான் தாங்கவில்லை. "காப்பிக் குடித்தோம்", "மிளகுப் பறித்தார்கள்" என்றெல்லாம் வருகிறது. காப்பியைக் குடித்தோம் என்று "ஐ" வெளிப்படையாக நின்றால் ஒற்று மிகும். "ஐ" மறைந்து, அடுத்து வினைச்சொல் வந்தால் மிகாது: காப்பி குடித்தோம், மிளகு பறித்தார்கள். காப்பித் தோட்டம் வேறு கணக்கு. காப்பி விளையும் தோட்டம் என்பதில் "விளையும்" மறைந்து இரண்டு பெயர்ச்சொற்கள் ஒட்டிக்கொண்டன. அங்கே "த்" வேண்டும்.

அடுத்தது "சுவற்றில்". விளம்பரம் ஒட்டாதே என்று எச்சரிப்பவர்கள்கூட இப்படித்தான் எழுதுகிறார்கள். கிணறு, ஆறு, சோறு எல்லாம் "று" என்று முடிபவை. அதனால் கிணற்றில், ஆற்றில், சோற்றில். சுவர் "ர்" என்று முடிகிறது. தேர் தேரில் என்றும், மோர் மோரில் என்றும் ஆவதுபோலச் சுவரும் சுவரில் என்றே ஆகும். "சுவறு" என்று ஒரு சுவரை யாரும் கட்டுவதில்லை.

ல, ள, ழ குழப்பத்தில் பாதி, ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றும் விசைப்பலகையின் வேலை. அனுப்புவதற்குமுன் ஒருமுறை படித்தால் தெரிந்துவிடும்.

ஒரு, ஓர் சண்டையில் நான் இறங்குவதில்லை. உயிரெழுத்துக்கு முன் ஓர் என்பது மரபு. "ஓர் ஏரி" என்று எழுதுவது நல்லது. "ஒரு ஏரி" என்று எழுதினாலும் நான் சிவப்பு மையைத் தொடமாட்டேன். ஆனால், அழகாக இருக்கும் என்று நினைத்து "ஏரியில் ஓர் படகு" என்று எழுதுகிறார்களே, அதை மட்டும் விடமாட்டேன்.