தவ்லே வந்துவிட்டதா?

அன்புள்ள ஐயா,

லெபனானின் முன்னாள் எரிசக்தி அமைச்சர் ஜிப்ரான் பாசில் மீது 2020-ல் அமெரிக்கா ஊழல் குற்றம் சாட்டித் தடை விதித்தது. அவர் அதை மறுக்கிறார். ஹிஸ்புல்லாவின் உறவை முறிக்காததற்குப் பழிவாங்கல் என்கிறார். இன்னொரு நாட்டு அரசியல்வாதியைத் தண்டிக்க அமெரிக்கா யார்? நீங்கள் எந்தப் பக்கம்?

எம்., துபாய்

அன்புள்ள எம்.,

இரண்டு நாளாக உங்கள் கடிதம் மனதிலேயே கிடக்கிறது. லெபனானின் தலைநகர் பெய்ரூட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் உங்கள் கேள்வி. தடை என்பது தீர்ப்பு அல்ல. அரசுப் பணம் போலி நிறுவனங்கள் வழியாக நெருக்கமானவர்களுக்குப் போகும்படியான திட்டங்களுக்கு ஒப்புதல் தந்ததில் அவருக்குப் பங்கு உண்டு என்று அமெரிக்கக் கருவூலத் துறை 2020 நவம்பர் 6 அன்று சொன்னது. நீதிமன்றத்தில் அது நிரூபிக்கப்படவில்லை. அமெரிக்கா தனக்கு வேண்டியவர்களைக் கண்டுகொள்ளாது என்பதும் சரிதான். இதற்குமேல் இதில் பேச எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மின்சாரத்தைக் கையில் வைத்திருந்தவரைப் பற்றி எழுதிய கடிதத்தில் மின்சாரம் என்ற சொல்லே இல்லையே, ஏன்? அமெரிக்கா, ஹிஸ்புல்லா, பக்கம் எல்லாம் இருக்கின்றன. இருட்டில் மாடிப்படி ஏறியவர்களைக் காணோம். படித்தவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் குறை இது. எனக்கு இதில் ஆத்திரமே வருகிறது.

2013-ல் கணக்கு வேலையாக ஆறு மாதம் புர்ஜ் ஹம்மூதில் தங்கியிருந்தேன். பெய்ரூட் ஆற்றின் கிழக்கே இருக்கும் ஆர்மீனியர் பகுதி. ஆற்றைத் தாண்டி நகரத்துக்குள் போனால் நாளுக்கு மூன்று மணி நேரம்தான் மின்வெட்டு. எங்கள் பக்கம் அதைப்போல் பல மடங்கு. தெருவுக்கு மேலே வயர்கள் கொடிபோலப் பின்னிக் கிடக்கும். பாதி வயர் தனியார் ஜெனரேட்டருடையது. அதற்குப் பெயர் இஷ்திராக், அதாவது சந்தா. ஐந்து ஆம்பியர், பத்து ஆம்பியர் என்று மாதக் கணக்கில் வாங்க வேண்டும். அரசு மின்சாரத்தை வெறுமனே 'தவ்லே' என்பார்கள். தவ்லே என்றால் அரசு.

என் மேல்மாடியில் ஒரு பாட்டி தனியாக இருந்தார். ஐந்து ஆம்பியர் சந்தா. ஃபிரிட்ஜ், இரண்டு பல்பு, டிவி. அதற்குமேல் எதைப் போட்டாலும் சுவிட்ச் விழுந்துவிடும். இஸ்திரிப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் நின்று கீழே பார்த்துக் கேட்பார்: "தவ்லேயா, இஷ்திராக்கா?" தவ்லே என்று சொன்னால்தான் உள்ளே போவார். இரவு இரண்டு மணிக்கு அரசு மின்சாரம் வந்தால் என் தலைக்குமேல் வாஷிங் மெஷின் ஓடத் தொடங்கும். எழுபது வயதுக்கு மேல் ஆன மனுஷி, துணி துவைக்க நடுராத்திரியில் எழுந்திருக்கிறார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஊழலில் போனது பணம் மட்டும்தான் என்று நினைப்பது தப்பு. அந்தப் பாட்டியின் தூக்கம் போனது. ஒவ்வொரு வீடும் இரண்டு பில் கட்டியது, அரசுக்கு ஒன்று, ஜெனரேட்டர்காரருக்கு ஒன்று. 1994-ல் வைத்த மின்கட்டணத்தை 2022 நவம்பர் வரை யாரும் தொடவில்லை. கட்டணத்தை ஏற்றினால், கரண்ட் எங்கே என்று மக்கள் கேட்பார்களே! நஷ்டத்தைக் கடன் வாங்கி அடைத்தார்கள். நாட்டின் மொத்தக் கடனில் ஏறக்குறைய பாதி இப்படி வந்ததுதான் என்கிறது உலக வங்கி. பாசில் 2009 முதல் 2014 வரை அமைச்சர். சில ஆண்டுகளில் 24 மணி நேர மின்சாரம் என்று 2010-ல் திட்டம் போட்டார். தற்காலிகம் என்று துருக்கியிலிருந்து வந்த, மின்சாரம் தயாரிக்கும் கப்பல்கள் 2021 வரை அங்கேயே நின்றன. அவருக்குப் பிறகும் பெரும்பாலும் அவர் கட்சிக்கு நெருக்கமானவர்கள்தான் அந்த நாற்காலியில் இருந்தார்கள். மற்றவர்கள் எங்களை வேலை செய்ய விடவில்லை என்பது அவர் வாதம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. உள்நாட்டுப் போர் முடிந்த 1990-லிருந்து எல்லாக் கட்சிகளும் அந்தத் துறையில் கை வைத்தவைதான். ஆனால் கையெழுத்துப் போடும் இடத்தில் நான்கு வருஷத்துக்கு மேல் இருந்தவர் இதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

2021 அக்டோபர் 9 அன்று எரிபொருள் தீர்ந்து, ஸஹ்ரானி, தேர் அம்மார் என்ற இரண்டு பெரிய மின்நிலையங்களும் நின்று, நாடு முழுவதும் தவ்லே அணைந்தது. அடுத்த மே மாதத் தேர்தலில் பத்ரூன் தொகுதியில் பாசில் மறுபடி ஜெயித்தார்.

உங்கள் அலுவலகத்தில் லெபனான்காரர் யாராவது இருப்பார். தடையைப் பற்றி அவரிடம் விவாதிக்க வேண்டாம். ஊரில் அம்மாவுக்கு எத்தனை ஆம்பியர், தவ்லே எத்தனை மணிக்கு வருகிறது என்று கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.