மழை அதிகம் என்பதால்தான் நீலகிரியில் இவ்வளவு அரிய உயிர்களா? அப்படியானால் கொடைக்கானல் பறவை ஏன் வேறு?

கேள்வியின் கீழே நீங்கள் எழுதியிருப்பது: "மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை கொட்டுகிறது, அதனால் உயிரினங்கள் அதிகம் என்று படித்தேன். ஒரே மலை, ஒரே பருவமழை என்றால் நீலகிரியில் ஒரு சிரிப்பான் பறவையும் பழனி மலையில் இன்னொன்றும் ஏன்?" தேர்வுக்குப் படிப்பவர் என்று நினைக்கிறேன். அந்த முதல் வரி எல்லாப் பயிற்சி மையக் குறிப்பேட்டிலும் எழுத்து மாறாமல் இருக்கிறது. மதிப்பெண் வேண்டுமானால் அதையே எழுதிவிட்டு வாருங்கள், வம்பு வேண்டாம். ஆனால் நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு அந்த வரியில் பதில் கிடையாது.

முதலில் மழைக் கணக்கை ஓரம் கட்டுவோம். மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வரில் வருடத்துக்கு 5,000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. ஊட்டி நகரில் 1,200 மி.மீ. வாக்கில். மழைதான் காரணம் என்றால் ஓரிட வாழ் (வேறெங்கும் இல்லாத) மரங்கள், தவளைகள் எல்லாம் வடக்கே குவிந்திருக்க வேண்டும். நடப்பது தலைகீழ்: தெற்கே வர வர அவை கூடுகின்றன. பார்க்க வேண்டியது எத்தனை மி.மீ. என்பதை அல்ல, எத்தனை மாதம் காய்கிறது என்பதை. மகாபலேஷ்வர் பக்கம் மொத்த மழையும் நான்கு மாதத்தில் கொட்டித் தீர்ந்து, 7, 8 மாதம் வறட்சி. தெற்குக் கோடியில் கோடை மழை, தென்மேற்கு, வடகிழக்கு என்று மூன்றும் கைகொடுப்பதால் வறண்ட மாதம் 2, 3தான். ஈரக்காட்டு மரக்கன்றுக்கு ஜூலையில் எவ்வளவு பெய்தது என்பது பெரிய விஷயமில்லை. மார்ச்சில் வேருக்கு ஈரம் எட்டுகிறதா என்பதுதான் சாவும் வாழ்வும்.

ஏன் அந்த மரங்களுக்கு வறட்சி தாங்கவில்லை? இங்கேதான் பழங்காலம் நுழைகிறது. இந்தியத் தட்டு மடகாஸ்கரிலிருந்து பிரிந்தது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன். வடக்கே நகர்ந்து வரும்போது நிலநடுக்கோட்டு ஈரப்பட்டையைக் கடந்தது. ஆசியாவோடு மோதியது சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன். அந்தக் காலத்துச் சாட்சி குஜராத்தில் இருக்கிறது. சூரத் பக்கம் வஸ்தான் நிலக்கரிச் சுரங்கத்தில், கல்லாகிப்போன குங்கிலியம் கிடைத்திருக்கிறது. உள்ளே பூச்சிகள் அப்படியே உறைந்து கிடக்கின்றன. நம் வெள்ளைக் குங்கிலிய மரத்தின் குடும்பம்தான் அந்தப் பிசினைச் சுரந்தது. இன்று அங்கே முள்ளும் புதரும். ஈரக்காடு ஒரு காலத்தில் தீபகற்பம் முழுக்கப் பரவியிருந்து, பிறகு காற்றும் பருவமும் மாறி வறள வறளச் சுருங்கி, கடைசியாக மேற்கு மலைகளின் தென்பகுதியில் வந்து ஒட்டிக்கொண்டது. ஆகவே இங்கே இருக்கும் பல உயிர்கள் இங்கேயே உருவானவை அல்ல. மற்ற இடங்களில் அழிந்து இங்கே மிஞ்சியவை. 2003-இல் பெயர் சூட்டப்பட்ட இடுக்கி ஊதாத் தவளையின் நெருங்கிய உறவினர்கள் சீஷெல்ஸ் தீவுகளில் இருப்பது இந்தக் கதையால்தான். 2013-இல் வந்த பூரான் ஆய்வு ஒன்றும் தெற்கு மலைகள்தான் பழைய வம்சங்களுக்குப் புகலிடமாக இருந்திருக்கும் என்ற பக்கம் சாய்கிறது.

இது பழைய சரக்கு. இங்கேயே பிரிந்து உருவான புதுச் சரக்கும் உண்டு, உங்கள் சிரிப்பான் அந்த வகை. அதற்கு முன் குளிரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு உட்காராது.

நீலகிரியில் முக்குருத்தி பக்கமோ கொடைக்கானலில் பேரிஜம் பக்கமோ புல்வெளியையும் சோலையையும் (உயர்ந்த மலையின் அடர்ந்த குட்டைமரக் காடு) பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: இரண்டுக்கும் நடுவே கத்தியால் கீறியது போல ஓர் எல்லை. மடிப்புகளில் சோலை, மேட்டிலும் திறந்த சரிவிலும் புல். அதே மழை, பத்தடி தூரம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தெளிவான இரவுகளில் புல் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. கனத்த குளிர்காற்று சரிந்து மரமில்லாத பள்ளத்தில் தேங்க, உறைபனி படிகிறது. சோலைக்குள் மர முகடு கூரை போலச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அங்கே உறையாது. சோலை நாவல், லவங்கப்பட்டைக் குடும்பத்து மரம் எதுவானாலும், அதன் விதை புல்வெளியில் முளைத்தால் முதல் ஜனவரியில் இலை கருகும். உறைந்த இலையில் காலை வெயில் பட்டால் இன்னும் மோசம். புல்லுக்கு வளரும் மொட்டு மண்ணோடு மண்ணாக இருப்பதால் மேலே கருகினாலும் மறுபடி துளிர்க்கும். தீ, மேய்ச்சல், மண்ணின் ஆழம் இவையும் சேர்ந்துதான் எல்லையைப் போடுகின்றன. உறைபனி மட்டும்தான் என்று சொன்னதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

இப்போது அதே புல்வெளியில் சீகை மரத்தை, அதாவது வாட்டிலை, பாருங்கள். கன்று காடாகக் கிளம்புகிறது. காலநிலை அதேதான், மண்ணும் அதேதான். வித்தியாசம் பரம்பரையில். சீகை தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் மரம். உறைபனியையும் தீயையும் அதன் முன்னோர் பார்த்துப் பழகியவர்கள். சோலை மரங்களின் முன்னோர் வெப்பமண்டல ஈரக்காட்டுக்காரர்கள். உறைபனி தாங்கும் உடம்பு அவற்றுக்கு வாய்க்கவில்லை. விதிவிலக்கு காட்டுப் பூவரசு (ரோடோடென்ட்ரான்). அது மட்டும் புல்வெளியில் தனித்தனியாகச் சிவப்புப் பூவோடு நிற்கும், காரணம் அதன் சொந்தக்காரர்கள் இமயமலையில். ஒரு சரிவில் யார் நிற்கலாம் என்பதை இன்றைய வானிலை சொல்கிறது. நிற்பதற்குத் தகுதியானவர் அந்த வட்டாரத்தில் இருந்தாரா என்பதை முடிவு செய்தது பல கோடி ஆண்டுப் பழங்கதை.

"புல்வெளி எல்லாம் வெள்ளைக்காரன் காட்டை அழித்ததால் வந்தது" என்று கீழே ஒருவர் கட்டாயம் எழுதுவார். அவருக்காகக் கொஞ்சம் விவரமாக. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லா போன்ற பள்ளத்துச் சதுப்புகளில் மக்காத கரிய மண், பீட், அடுக்கடுக்காகக் கிடக்கிறது. அதைக் குழாயால் செங்குத்தாக எடுத்து மெல்லிய வில்லைகளாக வெட்டுவார்கள். புது வேர்களைப் பொறுக்கி, சலித்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவிச் சுண்ணாம்பை நீக்கி, உலர்த்தி எரித்து, வரும் கார்பன் டை ஆக்சைடில் கார்பன் 13-இன் அளவைப் பார்ப்பார்கள். அளவு ஆயிரத்துக்கு இத்தனை என்ற கணக்கில் வரும். மரங்கள் (ஒளிச்சேர்க்கை முறையில் சி3 வகை) சுமார் −27 காட்டும். வெப்பநாட்டுப் புற்கள் (சி4 வகை) சுமார் −12. இடையே 15 புள்ளி. ஒரு வில்லை −18 காட்டினால், −27-இலிருந்து 9 புள்ளி மேலே. 9-ஐ 15-ஆல் வகுத்தால் 0.6. அந்தக் காலத்தில் அங்கே விழுந்த சருகில் 60 சதவீதம் புல். 1993-இல் வெளியான நீலகிரி பீட் ஆய்வு இப்படி 20,000 ஆண்டுகள் பின்னே போனது. பனியுகத்தின் உச்சத்தில் வறட்சி, புல் ஓங்கி இருந்தது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்து மரம் கூடியது. கோயம்புத்தூரின் வெள்ளைக்காரக் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறியது 1819-இல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த முறையிலும் தவறு நேரும். பிற்கால வேர் ஒன்று கீழே இறங்கியிருந்தால் வயது இளமையாகக் காட்டும். கோரைகளில் சி3-யும் உண்டு, சி4-யும் உண்டு. பனியுகத்தில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு குறைவு, அதுவே சி4 புல்லுக்குச் சாதகம். எனவே "புல் கூடியது" என்றால் "மழை குறைந்தது" என்று மட்டும் அர்த்தம் இல்லை. மகரந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

சரி, சிரிப்பானுக்கு வருவோம். நீலகிரிச் சிரிப்பானுக்கு நெஞ்சும் வயிறும் செம்பழுப்பு. பழனிச் சிரிப்பானுக்கு நெஞ்சு சாம்பல். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் நேர்க்கோட்டில் 150 கி.மீ. சொச்சம். நடுவே பாலக்காட்டுக் கணவாய், அகலம் 30 கி.மீ. வாக்கில், தரை கடல்மட்டத்திலிருந்து 140 மீட்டர் அளவே. பறவைக்கு 30 கி.மீ. ஒரு தூரமா என்று தோன்றும். தூரம் பிரச்சினை இல்லை, சூடுதான். 1,000 மீட்டர் இறங்கினால் சுமார் 6.5 டிகிரி ஏறும். சோலைப் பகுதி தோராயமாக 1,700 மீட்டருக்கு மேலே தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பனியுகத்தில் 5 டிகிரி குளிர்ந்திருந்தால் அதே குளிர் 770 மீட்டர் கீழே இறங்கியிருக்கும், அதாவது 930 மீட்டர் வரை. கணவாயின் தரைக்கு அப்போதும் கிட்டத்தட்ட 800 மீட்டர் பாக்கி. உலகமே குளிர்ந்தபோதும் அந்தப் பள்ளம் சோலைப் பறவைக்கு 5 டிகிரி அதிகச் சூடு. போதாக்குறைக்கு அப்போது வறட்சி வேறு.

1967-இல் டேனியல் ஜான்சென் (Janzen) என்ற அமெரிக்கச் சூழலியலாளர் சொன்னது இதற்குப் பொருந்தும்: வெப்பமண்டலத்தில் மலைக் கணவாய்கள் உயிர்களுக்கு "உயரம்" கூடியவை. குளிர்நாட்டு விலங்கு ஒரே வருடத்தில் உறைபனியையும் கோடையையும் பார்க்கிறது. பள்ளத்தைத் தாண்டுவது அதற்குப் பெரிய காரியமில்லை. சோலைக்குள் வாழ்வது பழகியது சில டிகிரிக்குள்ளான வித்தியாசத்தைத்தான். அதற்கு மேட்டுப்பாளையம் வேறு நாடு.

பழனி மலை கிழக்கே நீண்ட ஆனைமலைதான். கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக மூணாறு பக்கம் உயரம் அறுபடாமல் போகிறது. அதனால் கொடைக்கானலில் காணும் சிரிப்பானையே மூணாறிலும் காண்பீர்கள். தெற்கே செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் அகத்திய மலைப் பக்கம் மூன்றாவது இனம். சோலைத் தரையில் தத்தும் நீலநிறச் சிறு பறவையான சோலிகோலாவிலும் இதே கணவாய்களில் இதே பிரிவு. புதர்த்தவளைகளில் இன்னும் நுணுக்கம்: தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல் முட்டையிலிருந்து நேராகக் குட்டித்தவளை வருவதால் குளம் தேவையில்லை, ஈரம் மட்டும் போதும். அதனாலேயே மலைக்கு மலை தங்கிப்போய் 60-க்கும் மேற்பட்ட இனங்கள் ஆகிவிட்டன.

"குறிஞ்சி இரண்டு பக்கமும் பூக்கிறதே, வரையாடு இரண்டு பக்கமும் இருக்கிறதே?" இருக்கின்றன. கணவாய் சுவர் அல்ல, சல்லடை. யார் எப்போது எவ்வளவு சூடு தாங்கிக் கடந்தார்கள் என்பது ஆளுக்கு ஆள் வேறு. யானையிலேயே கணவாயின் இரு பக்கமும் மரபணு வேறுபாடு தெரிகிறது. வரையாடு பற்றி ஒரு திருத்தமும்: பெயரையும் தோற்றத்தையும் வைத்து இமயமலைத் தாருக்குத் தம்பி என்று எழுதாதீர்கள். 2005-இல் மரபணு பார்த்தபோது செம்மறியாட்டு வம்சத்துக்கு நெருக்கம் என்று தெரிந்து தனிப் பேரினமே கொடுத்துவிட்டார்கள்.

இன்னொரு பொய்க்கணக்கு: "நீலகிரிப் பாறைக்கு 250 கோடி வயது, அதனால் உயிர்களும் பழையவை." பாறைக்கு அந்த வயது உண்மை. அது மலையாக உயர்ந்து நிற்கும் வயது வேறு, மேலே வாழும் வம்சத்தின் வயது வேறு. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் குழப்பும் வாட்ஸ்அப் செய்திக்குக் குறைவே இல்லை.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பல்லுயிர் "ஹாட்ஸ்பாட்" என்பார்கள். அதை "வெப்பப் புள்ளி" என்று மொழிபெயர்த்து, ஏதோ விருது போல மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். சூழலியலாளர் நார்மன் மையர்ஸ் 1988-இல் தொடங்கிய அந்தப் பட்டியலில் சேர இன்று இரண்டு நிபந்தனை: வேறெங்கும் இல்லாத செடிகொடி 1,500 இனமாவது இருக்க வேண்டும், இயற்கைத் தாவரப் பரப்பில் 70 சதவீதமாவது ஏற்கெனவே போயிருக்க வேண்டும். இரண்டாவதைப் பாதிக் குறிப்பேடுகளில் காணவில்லை. அந்தப் பட்டியலில் இருப்பது பெருமையல்ல, தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை கிடைத்த மாதிரி. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருக்கிறது, பெரும்பாலும் தோட்ட மரத்துக்கும் விவசாயத்துக்கும். இதற்குப் பிறகும் ஜூன் 5 வந்தால் மிச்சப் புல்லில் குழி வெட்டி மரக்கன்று நட்டுப் படம் எடுக்கிறார்கள். சீகையை வெட்டி எரித்துவிட்டால் போதும் என்பதும் தவறு: விதை மண்ணில் பல்லாண்டு உறங்கும், தீச்சூடு பட்டதும் ஒன்றாக முளைக்கும். வெட்டிய இடத்துக்கு வருடா வருடம் போய்க் கன்றைக் கையால் பிடுங்க வேண்டும், அதற்குத்தான் ஆளும் பணமும் ஒதுக்குவதில்லை.

நீங்களே சரிபார்க்க விரும்பினால், பொதுமக்கள் பார்த்த உயிர்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட், இபேர்ட் தளங்களின் தரவுகளை இறக்கி அப்படியே எண்ணிவிடாதீர்கள். புள்ளிகள் எல்லாம் தார்ச்சாலை ஓரமாக நிற்கும். ஊட்டி, கொடைக்கானல் ஏரிகளைச் சுற்றிப் பல்லுயிர் பொங்குவது போலத் தெரியும். வரைபடத்தை 1 கி.மீ. கட்டங்களாகப் பிரியுங்கள். 20 வருகைக்குக் குறைந்த கட்டங்களை விட்டுவிடுங்கள். மற்றவற்றில் ஒவ்வொரு கட்டத்திலும் குலுக்கல் முறையில் 20 வருகையை மட்டும் எடுத்து இனங்களை எண்ணி, அதை 100 தடவை செய்து சராசரி பாருங்கள். தவளைக்கு மட்டும் இதுவும் போதாது. அவை கத்துவது ஜூன் முதல் செப்டம்பர் வரை, இரவில், அட்டை ஏறும் மழையில். அப்போது போய்ப் பதிவு போடுபவர்கள் குறைவு.